உரிமத்தைக் குறைக்காதே, எங்களைத் தயார் செய்!

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் பொதுக்குழு கூடுகிறது. ஆண்டறிக்கை, வரவு செலவு, நிர்வாகிகள் தேர்தல் எல்லாம் முடிந்ததும் வழக்கமான அந்தத் தீர்மானம் வருகிறது. போபோடி, கிர்க்கி, தாபோடி பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்று முன்மொழிகிறோம், வழிமொழிகிறோம், கை தட்டுகிறோம். மனு தயாராகிறது. நால்வர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்பு குத்திய நகல் ஒன்று சங்கத்தின் கோப்பில் சேர்கிறது.

சென்ற முறை மனுக் கொடுக்கப் போனபோது ஓர் அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சரி, இடம் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்த யார் இருக்கிறார்கள்? டி.எல்.எட். முடித்து, டெட் தேர்வில் தேறி, தமிழும் மராத்தியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஆட்களில் எத்தனை பேர்? பட்டியல் கொடுங்கள்."

நாம் பட்டியல் கொடுக்கவில்லை. கொடுக்க நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை. திரும்பி வரும் லோக்கல் ரயிலில் நால்வரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் தட்டிக் கழிக்கக் கேட்டாரா, அக்கறையோடு கேட்டாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். கேள்வி நியாயமானது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. 1956-ல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்ந்த பிரிவு அது. மேடைதோறும் அதை முழங்குகிறோம். ஆனால் சட்டப் பிரிவு எழுந்து வந்து கரும்பலகையில் 'அ' எழுதாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நாமும் உருவாக்கவில்லை, உருவாக்கும்படி அரசையும் நெருக்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் குடியிருப்புகளில் படிப்பை இடையில் விட்டு, முப்பது வயதைத் தொட்டுவிட்ட பெண்களையும் ஆண்களையும் முறையான சான்று பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாக ஆக்க வேண்டும். அதற்கான பணத்தையும் காலத்தையும் அரசு தர வேண்டும். இடத்தையும் ஏற்பாட்டையும் சங்கம் தர வேண்டும். தகுதியைக் குறைத்து நமக்கு ஒரு கருணை வேலை போட்டுத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை.

சான்றில்லாத டீச்சர்கள்

மாலை ஆறு மணிக்கு நம் சந்துகளில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வாசலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும். நடுவில் ஓர் அக்கா. வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், பிளஸ் டூ படித்தவர். காலையில் ஔந்தில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, மாலையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார். மாதம் தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. பாதிப் பேர் கொடுப்பதில்லை. அவரும் கேட்பதில்லை.

இன்னொரு பெண்ணின் கதையும் உண்டு. ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். பதிவேட்டில் அவர் உதவியாளர். இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் அவரைச் சமையல் அறைப் பக்கம் உட்காரச் சொல்வார்கள். சான்றுள்ள ஒருவர் கிடைத்ததும், ஒரு ஜூன் மாதம், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் படித்த பிள்ளைகள் தெருவில் பார்த்தால் இன்றும் "டீச்சர்" என்று கூப்பிடுகின்றன. எதிர்த்துக் கேட்க அவர் கையில் ஒரு காகிதம் இல்லை.

ஊரிலும் இதே நிலைதான். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் படிப்பை மறந்துவிட்டன என்று 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கான பெண்கள் முன்வந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அவர்கள் செய்த வேலை பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பெண்களில் விருப்பமுள்ளவர்கள் ஆசிரியராக மேலேற அதில் ஒரு படிக்கட்டு இருந்ததா? தன்னார்வலர் என்று அழைத்தார்கள், தன்னார்வலராகவே விட்டுவிட்டார்கள்.

ஏழைப் பெண்ணின் கற்பிக்கும் திறமையை அரசும் வாங்கிக்கொள்கிறது, தனியாரும் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் திறமைக்குச் சான்று கொடுக்க மட்டும் ஒருவருக்கும் மனமில்லை. சான்று கொடுத்தால் சம்பளம் கொடுக்க வேண்டுமே!

சட்டம் என்ன கேட்கிறது?

இதைப் பற்றி நம்மிடையே ஏராளமான தவறான செய்திகள் உலவுகின்றன. ஆகவே விவரமாகச் சொல்கிறோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-வது பிரிவு ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்கிறது. அந்தத் தகுதி என்ன என்பதைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2010 ஆகஸ்ட் 23-ல் அறிவித்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவிகித மதிப்பெண், இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் அதாவது டி.எல்.எட்., அதன்மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு அதாவது டெட். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவிகிதத் தளர்வு உண்டு.

டெட் முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, இரண்டாம் மொழி 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. இரண்டரை மணி நேரம். 60 சதவிகிதம், அதாவது 90 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு முறை தேறினால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021-ல் அறிவித்துவிட்டார்கள். மத்திய அரசு நடத்தும் டெட் தேர்வில் மொழித்தாளுக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

பி.எட். படித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பி.எட். பட்டம் தொடக்கப் பள்ளிக்குத் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிறு பிள்ளைக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி வேண்டிய தனித் தொழில் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இது நமக்குச் சாதகமான தீர்ப்பு என்று சொல்வோம். பட்டம் வாங்கப் பணமில்லாத, பிளஸ் டூ வரை வந்த நம் பெண்களுக்கு இந்தக் கதவுதான் இருக்கிறது.

தகுதித் தேர்வே கூடாது என்போருக்கு

நம் தோழர்களிலேயே சிலர் ஒரு வாதம் வைக்கிறார்கள். "டெட் என்பது ஏழைகளை வடிகட்டும் சல்லடை. அதை ஒழிக்கச் சொல்லிப் போராட வேண்டியவர்கள் நீங்கள். நீங்களே அதற்குப் பெண்களைத் தயார் செய்யக் கிளம்பலாமா?" என்கிறார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. இந்த மாநிலத்திலேயே 2019-20 டெட் தேர்வில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றவர்களைத் தேறியவர்களாக்கிய மோசடி நடந்தது. 2021 டிசம்பரில் பூனா போலீசார் அதைக் கண்டுபிடித்தார்கள். மாநிலத் தேர்வுக் கவுன்சிலின் தலைமை அதிகாரியே கைதானார். 2022-ல் 7,800-க்கும் மேற்பட்டவர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். சல்லடை பிடித்தவனே ஓட்டை போட்டு விற்றான். பிறகு 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பழைய ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் புதிதாகத் தேர்வு எழுதுவதா என்று ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. அந்தக் கொதிப்பு நமக்குப் புரிகிறது.

ஆனாலும் நாம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. காரணம் நம் பிள்ளைகள்.

மராத்தியில் 'காகா' என்றால் சித்தப்பா. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் 'காகா' என்று பாடம் நடத்தும்போது நம் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே காக்கையைத் தேடுகிறது. டீச்சர் அதட்டுகிறார். பிள்ளை அழுகிறது. 'மந்தம்' என்று பெயர் வாங்குகிறது. அந்தப் பிள்ளை மந்தமில்லை, அது தனக்குத் தெரிந்த மொழியில் சரியாகத்தான் கேட்டது. இதைக் கண்டுபிடிக்க டீச்சருக்கு இரண்டு மொழியும் தெரிய வேண்டும். கண்டுபிடித்த பின், அந்தத் தடுமாற்றத்தையே படியாக வைத்துப் பிள்ளையை இரண்டு மொழிக்கும் ஏற்றிவிடத் தெரிய வேண்டும். முதலாவது நம் பெண்களிடம் இருக்கிறது. இரண்டாவதைப் படித்துத்தான் பெற வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்று பார்ப்பது, கழித்தலில் கடன் வாங்குவதைக் குச்சிக்கட்டு வைத்து விளக்குவது, நாற்பது பிள்ளையை அடிக்காமல் அடக்குவது ஆகிய எல்லாம் தொழில் நுட்பம். தாய்ப்பாசத்தால் மட்டும் வந்துவிடாது.

1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக் கல்வி என்று பெயரிட்டுத் தமிழகம் எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அரை நாள் படிப்பு வேண்டாம் என்று அன்று போராடிய மக்களின் பிள்ளைகளுக்கு இன்று அரைத் தகுதி ஆசிரியர் போதுமா? பணக்காரன் பிள்ளைக்குப் பயிற்சி பெற்றவர், நம் பிள்ளைக்கு யாரோ ஒருவர் என்பதுதான் குலக் கல்வியின் இன்றைய வடிவம். அதை நாமே கேட்டு வாங்கக் கூடாது.

பூனாவிலேயே பாடம் இருக்கிறது

"முப்பத்தைந்து வயதில் படித்து அவள் என்ன கலெக்டர் ஆகப் போகிறாளா?" இது நம் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி. அவர்களை நாம் புதன்பேட்டைக்கு அழைக்கிறோம். 1848-ல் பிடே வாடாவில் ஜோதிராவ் புலே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். அங்கே பாடம் நடத்திய சாவித்திரிபாய் புலே கல்யாணமாகி வந்த பிறகுதான் எழுத்துக் கற்றவர். வீட்டில் கணவரிடம் படித்தார். அகமத்நகரிலும் பூனாவிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அதன் பிறகே வகுப்பில் நின்றார். புரட்சி செய்யக் கிளம்பிய அந்தத் தம்பதியர்கூடப் பயிற்சியை அலட்சியம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங்கு சாதிச் சிறுமி, தன் மக்களின் துயரத்தை எழுதி 1855-ல் பத்திரிகையில் அச்சேற்றினாள். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. பிடே வாடாவின் இடிந்த கட்டடத்தை 2023 டிசம்பரில் அகற்றிவிட்டு, நினைவகம் எழுப்ப முற்பட்டார்கள். நினைவகம் வரட்டும். ஆனால் சாவித்திரிபாயின் தொழில் அவரைப் போன்ற பெண்களுக்குப் போய்ச் சேருகிறதா என்பதே நம் கேள்வி.

1882-ல் ஹண்டர் கமிஷன் முன் புலே கொடுத்த மனுவை நம் வாலிபர்கள் தேடிப் படிக்க வேண்டும். குறைந்தது பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கு என்றார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பயிற்சி இல்லாதவர்கள், அவர்கள் சம்பளம் பத்து ரூபாயைத் தாண்டுவதே அரிது என்று எடுத்துக்காட்டினார். ஆசிரியர்களை உழைக்கும் குடிகளிலிருந்தே எடுத்துப் பயிற்சி கொடு, அவர்களே மக்களோடு கலந்து பழகி அவர்கள் தேவையை அறிவார்கள் என்றார். எடுத்துக்கொள் என்றும் சொன்னார், பயிற்சி கொடு என்றும் சொன்னார். இரண்டையும் பிரிக்கவில்லை. நம் கோரிக்கையும் அதுவே. அதைச் சொல்லி ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன.

வாசலில் நிற்கும் தடைகள்

படிக்க மனமிருந்தும் நம் பெண்களை மறிக்கும் தடைகள் நான்கு.

முதல் தடை சாதிச் சான்று. நம்மில் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதியினர். ஊரில் நமக்கு இட ஒதுக்கீடு உண்டு. ரயிலேறி இங்கே வந்ததும் அது இல்லை. ஒரு மாநிலத்துத் தாழ்த்தப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும் 2018-லும் சொல்லியிருக்கிறது. தாழ்த்தப்பட்டவருக்கு மராட்டியத்தில் சாதிச் சான்று வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும். சேரியில் அனுபவித்த இழிவு எந்த எல்லையிலும் இறங்கிக்கொள்வதில்லை, சலுகை மட்டும் எல்லையில் இறங்கிவிடுகிறது. கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869 முதல் இயங்குவது. அங்கே தாத்தா வேலை பார்த்த குடும்பங்கள் அவருடைய சர்வீஸ் புத்தகத்தையும் பள்ளிச் சான்றையும் தேடி எடுங்கள். அந்தப் பழைய காகிதம் பேத்தியின் படிப்புக்கு உதவும். பின்னால் வந்தவர்களுக்கு 50 சதவிகிதத்தில் ஒரு மார்க் குறைந்தாலும் கதவு அடைப்புத்தான்.

இரண்டாவது தடை வயது. இம்மாநில அரசு வேலைக்குப் பொதுவாக வயது வரம்பு 38, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 43. முப்பத்திரண்டில் பிளஸ் டூ எழுத உட்காரும் பெண், பட்டயம் முடித்து, டெட் தேறி, நியமனத்துக்கான டெயிட் தேர்வும் எழுதி முடிக்கும்போது வரம்பு வாசலில் வந்து நிற்கும். இங்கே 2012-ல் ஆசிரியர் நியமனத்தையே நிறுத்தி வைத்தார்கள். டெயிட் தேர்வு 2017-ல் நடந்தது, அடுத்தது 2023-ல், அதற்கடுத்தது 2025-ல். அரசு தூங்கிய ஆண்டுகளையும் பெண்ணின் வயதில்தான் கூட்டுகிறார்கள்.

மூன்றாவது தடை வயிறு. பட்டயப் படிப்பு இரண்டாண்டு நேரில் போய்ப் படிக்க வேண்டியது. பள்ளிகளில் பல வாரப் பயிற்சியும் உண்டு. நான்கு வீட்டு வேலையை விட்டுவிட்டு அந்த இரண்டாண்டு எப்படிச் சாப்பிடுவது? வேலை கிடைத்த பிறகும் முதல் மூன்றாண்டு 'சிக்ஷண் சேவக்' என்ற பெயரில் தொகுப்பூதியம். தொடக்கப் பள்ளியில் அது நெடுங்காலம் 6,000 ரூபாயாக இருந்து, 2023-ல்தான் 16,000 ஆயிற்று.

நான்காவது தடை நாள். 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. பிளஸ் டூவும் இரண்டாண்டும் என்ற இப்போதைய வழி நான்காண்டுக் கல்லூரிப் படிப்பாக நீளப் போகிறது. வசதி உள்ள வீட்டுப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிதில்லை. நம் பெண்களுக்கு அது பூட்டு. அடுத்த பொதுக்குழு, அதற்கடுத்த பொதுக்குழு என்று தள்ளிப்போட இனி நேரமில்லை.

முடியாது என்று சொல்லாதே

வயது வந்தவர்களை இவ்வளவு பேரை எப்படிப் பயிற்றுவிப்பது என்று அரசு கையை விரிக்கலாம். அந்தப் பேச்சு நம்மிடம் செல்லாது. 2017-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, வேலையிலிருந்த பயிற்சியற்ற ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் பயிற்சி முடிக்க வேண்டும் என்றார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் நாடெங்கும் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை டி.எல்.எட். படிப்பில் சேர்த்தார்கள். தொலைக்காட்சியில் பாடம், பக்கத்து மையத்தில் வகுப்பு, வேலையை விடாமல் படிப்பு. தேவை என்று நினைத்தபோது செய்தார்கள். தனியார் பள்ளி முதலாளிகளின் ஆட்களும் அதில் கரையேறினார்கள். பதிவேட்டில் உதவியாளராக மறைக்கப்பட்ட நம் பெண்ணுக்கு மட்டும் அந்தப் படகில் இடமில்லை, ஏனென்றால் காகிதப்படி அவர் ஆசிரியரே இல்லை.

வெளிநாட்டைப் பாருங்கள். நியூயார்க் நகரப் பள்ளிகளில் 1960-களில் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தாய்மாரும் போர்ட்டோரிக்கோத் தாய்மாரும் வகுப்பு உதவியாளர்களாகக் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். 1969-ல் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்தார்கள். 1970-ல் பெற்ற ஒப்பந்தத்தில் கூலி உயர்வோடு, கல்லூரியில் படித்து ஆசிரியராக ஏறும் வழியையும் எழுதி வாங்கினார்கள். அவ்வழியே ஏறி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சான்று பெற்ற ஆசிரியர்களானார்கள். 1975-ல் நகரம் நிதி நெருக்கடியில் விழுந்தபோது முதல் வெட்டு அவர்கள் மீதே விழுந்தது என்பதையும் மறைக்க மாட்டோம். படிக்கட்டைக் கட்ட வைத்தது சங்க பலம். சங்கம் தளர்ந்தால் படிக்கட்டும் போய்விடும்.

கடல் கடந்த நம் சொந்த மக்களிடமும் பாடம் உண்டு. இலங்கை மலையகத்தில் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் ஒற்றை அறையில், பயிற்சி இல்லாத ஒற்றை ஆசிரியரோடு கிடந்தன. வெளியூர் ஆசிரியர் தோட்டத்தில் தங்க மாட்டார் என்ற நிலை. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்றுத் தோட்டத்துப் பள்ளிக்கே டீச்சராகத் திரும்பினார்கள். கொழுந்து பறித்த தாயின் மகள் செய்ததை, சித்தாள் வேலை பார்த்த தாயின் மகள் செய்ய முடியாதா?

நம் முதுகையும் பார்ப்போம்

அரசைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடிப்பது எளிது. நம் சங்கம் இத்தனை ஆண்டு என்ன செய்தது? பொங்கல் விழாவுக்கு மெல்லிசைக் குழு வருகிறது. ஆடித் திருவிழாவுக்கு வீடு வீடாக வசூல் நடக்கிறது. சங்கக் கட்டடம் மாலையில் காரம் போர்டுக்குத் திறந்திருக்கிறது. ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம் கேட்டு வந்தால் மட்டும் அடுத்த கமிட்டியில் வைத்துப் பார்ப்போம் என்கிறோம். இதை எழுதும் நாமும் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள்தான்.

இனி செய்ய வேண்டியது வெறும் பேச்சல்ல, திட்டம். நம் பகுதியில் இந்தப் படிப்புக்கு வரக்கூடியவர்கள் மூன்று வகை.

முதல் வகை, ஊரில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்யாணமாகி வந்தவர்கள். இவர்களுக்குச் சந்தை மராத்தி தெரியும், எழுதத் தெரியாது. தேவநாகரி எழுத்தும் மராத்தி இலக்கணமும் வேண்டும்.

இரண்டாம் வகை, இங்கேயே பிறந்து மராத்தி வழியில் எட்டிலோ பத்திலோ நின்றவர்கள். மராத்தி எழுதுவார்கள், தமிழ் எழுத்துத் தெரியாது. இவர்களுக்குத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயதும் பன்னிரண்டுக்கு 15 வயதும் நிரம்பினால் போதும், மேல் வரம்பு கிடையாது. ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக எழுதித் தேறலாம். அதன் மண்டல அலுவலகம் பூனாவிலேயே இருக்கிறது.

மூன்றாம் வகை, பி.ஏ., பி.எட். வரை போன நம் பிள்ளைகள். சிலரே இருந்தாலும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கும் ஆங்கிலமும் குழந்தை வளர்ச்சிப் பாடமும் நடத்தட்டும்.

முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் டீச்சர். ஒருத்தி தமிழ் எழுத்துச் சொல்லித் தருவாள், மற்றவள் மராத்தி எழுத்துச் சொல்லித் தருவாள். அந்த அறையிலிருந்து வருபவர்தான் அதிகாரி கேட்ட இரண்டு மொழி ஆசிரியர். கணக்குக்கு அஞ்ச வேண்டாம். சீட்டில் எவ்வளவு தள்ளு, தலைக்கு எவ்வளவு கழிவு என்று வாயாலேயே கணக்குப் போடும் பெண்களுக்குச் சதவிகிதம் புதிதல்ல, அதை எழுதும் முறைதான் புதிது. பியாஜே, வைகாட்ஸ்கி என்ற பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். பிள்ளை எப்போது எதைப் புரிந்துகொள்ளும் என்பது பற்றித்தான் அவர்கள் எழுதினார்கள்.

மராத்தி படிப்பது தமிழுக்குத் துரோகம் என்று சொல்லுவோருக்கும் ஒரு வார்த்தை. 1966-க்குப் பிறகு பம்பாயில் தென்னிந்தியர்களை விரட்டக் கிளம்பியவர்கள், இவர்கள் இந்த மண்ணோடு ஒட்டாதவர்கள் என்றார்கள். 2020-ல் வந்த சட்டப்படி இம்மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். மராத்திப் பிள்ளைக்கு மராத்தியைச் சரியாகக் கற்பிக்கும் தமிழ் டீச்சர் ஒருவர், அந்தப் பழைய கூச்சலுக்கு நூறு கண்டனக் கூட்டத்தைவிட நல்ல பதில்.

கேட்கிறோம்

மாநில அரசிடம் கேட்கிறோம். பட்டயப் படிப்பில் சேரும் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு இரண்டாண்டும் மாத உதவித்தொகை கொடு. பால்வாடியிலும் பள்ளியிலும் உதவியாளராக உழைத்த ஆண்டுகளை வயது வரம்பில் கழி. புலம் பெயர்ந்த தாழ்த்தப்பட்டவர்களின் மதிப்பெண் தளர்வை மறுக்காதே. மத்தியத் தேர்வில் இருப்பதுபோல் மாநில டெட் தேர்விலும் தமிழ் மொழித்தாள் வை. பம்பாய் மாநகராட்சி பல மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அங்கே முடிந்தது பூனாவில் ஏன் முடியாது?

மத்திய அரசிடம் கேட்கிறோம். 2017-ல் செய்ததை மறுபடி செய். இம்முறை பள்ளிக்கு வெளியே நிற்கும் பெண்களுக்காகச் செய். நான்காண்டுப் பட்டத்தைக் கட்டாயமாக்கும் முன் வயது வந்தவர்களுக்குத் தனி வழி ஒன்றைத் திறந்து வை.

நம் சங்கத்திடம் கேட்கிறோம். மாலை ஏழு முதல் ஒன்பது வரை கட்டடத்தைப் படிப்புக்கு விடுங்கள். காரம் போர்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும். இந்தப் பொங்கலுக்கு இசைக்குழு வேண்டாம். அந்தப் பணம் தேர்வுக் கட்டணமாகட்டும். பெண்கள் படிக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண்கள் முறை வைத்து வாருங்கள்.

வீட்டுக்காரர்களிடமும் கேட்கிறோம். இரண்டு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நிச்சயம் என்று யாருக்கும் பொய் வாக்குறுதி தர மாட்டோம். தேர்வு கடினம், நியமனம் தாமதம், சம்பளம் முதலில் சொற்பம். ஆனால் சான்று கையில் இருந்தால் சமையல் அறைப் பக்கம் உட்காரச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வராது. அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளிக்கும் சட்டப்படி அப்படிப்பட்ட ஆள்தான் தேவை.

அடுத்த பொதுக்குழுவில் அதே தீர்மானம் மறுபடி வரும். அதோடு ஒரு தாளையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படிக்கச் சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது. பத்துப் பெயர் இருந்தாலும் போதும். படிக்க விருப்பமுள்ள தாய்மார்களும் சகோதரிகளும் சகோதரர்களும் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பள்ளிச் சான்று தொலைந்திருந்தாலும் வாருங்கள், மறு நகல் வாங்க வழி செய்வோம். அந்த அதிகாரியின் மேஜைக்கு அடுத்த முறை வெறுங்கையோடு போகமாட்டோம்.